பழைய ரொட்டி

என் ஓரகத்தியை இந்தத் தெருவில் எல்லோரும் ஜன்னலக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். என்னைக் கூப்பிட யாரிடமும் ஒரு பெயர் இல்லை. "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கவுன்டரில் நின்று கேட்பார்கள். அந்த யாராவது நான்தான்.

எங்களுடையது பேக்கரி. அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனைக் கட்டிக்கொண்டவள் நான், தம்பியைக் கட்டிக்கொண்டவள் அவள். வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். நான் பின்னால் மாவோடும் அடுப்போடும் கிடக்கிறேன், அவள் முன்னால் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பல்லைக் காட்டுகிறாள். ரொட்டி சுடுகிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தி. இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "நல்ல பொண்ணுதானே அவ" என்பார். நல்ல பொண்ணு இல்லை என்று யார் சொன்னது? அதுதானே என் கோளாறே.

ஜன்னலக்கா என்கிற பட்டம் வெள்ளத்தில் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏரி உடைந்து தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. மாவு வாங்கப் போன அண்ணனும் தம்பியும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். கடையில் நானும், கல்யாணமாகி மூன்றே மாதமான சின்னவளும். எங்கள் கடை வாசலுக்கு நாலு படி. தண்ணீர் நாலாம் படியைத் தொட்டு நின்றது. கதவைத் திறந்தால் உள்ளே வந்துவிடும் என்று இடுக்கெல்லாம் சாக்கைத் திணித்து அடைத்தோம். கரண்ட் இல்லை, பிசைகிற மிஷின் செத்துக் கிடந்தது. அடுப்பு மட்டும் விறகு அடுப்பு, அது எரிந்தது. இருந்த மாவை எல்லாம் நான் கையால் பிசைந்தேன். மூன்று நாள் இந்தத் தெருவே அந்த ரொட்டியைத்தான் தின்றது.

சின்னவள் என்ன செய்தாள்? மாடி ஜன்னலில் நின்று, கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கினாள். "இங்க நின்னு என் காலச் சுத்தாத, மேல போய்க் குடு" என்று அனுப்பினதும் நான்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அவள் முகம் தெரிந்தது. சுவருக்குப் பின்னால் மாவில் புதைந்திருந்த என் கை எவன் கண்ணுக்குத் தெரியும்? தண்ணீர் வடிந்தபோது அவள் ஜன்னலக்கா ஆகியிருந்தாள். அன்றைக்கு வயிற்றில் பிடித்த எரிச்சல் இன்றுவரை அணையவில்லை.

தெருமுனையில் இருக்கிற பள்ளிக்கூடம் இந்த வருஷம் அதில் எண்ணெய் ஊற்றியது.

பள்ளிக்கூடத்தின் மதில் தெருவின் பாதி நீளம் இருக்கும். அதில் தெருவின் கதையை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் படமாக வரையப் போகிறார்கள் என்று ஓவிய டீச்சர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். கதையைப் பிள்ளைகளே வந்து கேட்பார்கள். அதற்கு டீச்சர் ஒரு கட்டுத்திட்டம் வைத்திருந்தார். எந்தச் சம்பவத்தையும் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். முதல் ஆள் சொல்வது மஞ்சள் அட்டையில், இரண்டாவது ஆள் சொல்வது நீல அட்டையில். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் காட்டக் கூடாது. இரண்டிலும் ஒத்துப்போவது மட்டும் சுவருக்குப் போகும். திறப்பு விழா அன்று அட்டைகளை எல்லாம் பள்ளிக்கூட நடையில் மாட்டி வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சலூன்காரர் தெருவில் ஹெலிகாப்டர் இறங்கியது என்று ஒரு மணி நேரம் கையை ஆட்டிச் சொன்னாராம். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு முடி வெட்ட மாட்டேன் என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தார். மருந்துக்கடைக்காரரும் பூட்டு ரிப்பேர்க்காரரும் ஒத்துச் சொன்னதால், பிரேக் பிடிக்காத பஸ் புத்தகக் கடைக்குள் போன கதை தப்பித்தது. பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் முன்பு ஐஸ் தொழிற்சாலை இருந்ததற்கு ஒன்பது பேர் சாட்சி.

எங்கள் கடைக்கு வந்தவள் கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்த ஒரு பெண். பன்னிரண்டு வயசுதான் இருக்கும், ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் இருக்க வேண்டியவள் மாதிரி கேள்வி கேட்டாள். மனதுக்குள் அவளுக்குப் பென்சில்கொண்டை என்று பெயர் வைத்தேன். முதலில் கவுன்டருக்குத்தான் போனாள். பின்னே? ஜன்னலக்கா அங்கேதானே இருக்கிறாள்.

பின்கட்டுக்கும் கடைக்கும் நடுவில் தட்டுகளை நீட்டுவதற்கு ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் வழியாகப் பார்த்தேன். மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. ஆனால் கேட்கவா வேண்டும்? சின்னவள் ஒரு கையை உயர்த்திக் கயிறு விடுகிற மாதிரி காட்டினாள். பென்சில்கொண்டை வாயைப் பிளந்துகொண்டு எழுதினாள். அப்புறம் சின்னவள் இரண்டு கையையும் அகட்டி, பெரிதாக, மிகப் பெரிதாக எதையோ காட்டினாள். ஆமாம், 'வெள்ளம் அவ்வளவு, நான் மட்டும் இல்லையென்றால் தெருவே பட்டினி' என்றுதானே அளக்கிறாய், அளந்துகொள் என்று நினைத்தேன். தட்டில் வைத்த உருண்டைகள் எல்லாம் என் கையில் நசுங்கிக் கோணல் மாணலாய்ப் போயின.

அரை மணி கழித்து அந்தப் பெண் பின்கட்டுக்கு வந்து நீல அட்டையை எடுத்தாள்.

"ஆன்ட்டி, வெள்ளத்தப்போ ஜன்னல்ல கூடை எறக்கினதுக்குத் தெருவுல நெறையப் பேர் சொல்லிட்டாங்க. ஆனா உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவங்க சொன்னத நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லுங்க."

உள்ளே என்ன நடந்தது என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஆள் என்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள், அதுவும் அவளுடைய கதைக்கு நான் ஒத்து ஊத வேண்டும் என்பதற்காக. என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது.

"பெருசா என்ன நடந்துச்சு? ஒண்ணும் இல்ல. வெள்ளத்துக்கு முன்னாடி சுட்ட ரொட்டி மீந்து கெடந்துச்சு. வீணாப் போகுமேன்னு எறக்கிக் குடுத்தோம்."

பென்சில் நின்றது. "மூணு நாளும் பழைய ரொட்டியா?"

"பழைய ரொட்டிதான்."

"அப்ப மாவு பிசையவே இல்லையா?"

"கரண்டே இல்ல, எங்க பிசையறது?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆன்ட்டி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்காகத்தான் கேக்கறேன்."

"என்ன, நான் பொய் சொல்றேங்கறியா?" என்று அட்டையைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பொய் சொல்லிவிட்டோமே என்று எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. உள்ளதைச் சொன்னால் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய ரொட்டியை இறக்கிக் கொடுத்ததற்கு என்ன பட்டம், என்ன படம்? ஜன்னலக்காவின் காற்றைப் பிடுங்கியாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் இரண்டு கை அதிகமாகவே சாப்பிட்டேன்.

எட்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போக வேண்டி வந்தது. போக வேண்டி வந்தது என்ன, வேண்டுமென்றேதான் போனேன். மதிலில் பாதிக்கு மேல் வண்ணம் ஏறியிருந்தது. ஐஸ் கட்டிகளைச் சுமக்கிற ஆட்கள், புத்தகக் கடைக்குள் மூக்கை நுழைத்த பஸ், அதைத் தாண்டி எங்கள் கடை. மாடி ஜன்னல், கயிறு, கூடை. ஜன்னலில் சின்னவள். பாவி மகள் படத்திலும் அழகாக இருந்தாள். கீழே தண்ணீரில் ஏழெட்டுப் பேர் அண்ணாந்து நிற்கிறார்கள். பழைய ரொட்டியோ புது ரொட்டியோ, ஜன்னலுக்குத் தெரு முழுக்கச் சாட்சி இருக்கிறதே, அது என் புத்திக்கு எட்டாமல் போயிற்று.

ஜன்னலுக்குக் கீழே, கடையின் சுவர் வர வேண்டிய இடத்தில், ஒரு அறை அளவுக்கு வெள்ளையாக விட்டிருந்தார்கள். பென்சில்கொண்டை ஸ்டூலில் நின்று தண்ணீருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன பாப்பா, இந்த எடம் மட்டும் சும்மா கெடக்கு?"

அவள் இறங்கி வந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று தூரிகையைப் பார்த்தாள்.

"அங்க உங்களத்தான் வரையறதா இருந்துச்சு ஆன்ட்டி. சுவரத் தெறந்து காட்டற மாதிரி, உள்ள நீங்க மாவு பிசையறது. ஜன்னலவிடப் பெருசு. ஜன்னலக்கா உங்களப் பத்தி மட்டும்தான் சொன்னாங்க. 'நான் சும்மா கயிறு விட்டேன், கைல இவ்ளோ பெரிய மாவ வெச்சுக்கிட்டு மூணு நாள் கஷ்டப்பட்டது எங்கக்காதான்'னு சொன்னாங்க. நீங்கதான் அப்படி நடக்கவே இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டீங்க."

அவள் கையை அகட்டிக் காட்டினது வெள்ளத்தை இல்லை, என் மாவை.

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. முதலில் வந்தது ஆத்திரம். பார், நல்லவள் என்கிற பேரையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் பொய்க்காரி, அவள் புண்ணியவதி. திறப்பு விழா அன்று இரண்டு அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். தெருவே நின்று படிக்கும்.

"அத மாத்த முடியாதா பாப்பா?"

"எழுதினத அடிக்க மாட்டோம் ஆன்ட்டி. கீழ சேத்து எழுதலாம். ஆனா அத மொதல்ல சொன்னவங்க படிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும். அப்பதான் வரைவோம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும், சனிக்கிழமை தெறக்கறாங்க."

அதாவது, நான் சுவரில் ஏற வேண்டுமானால் சின்னவள் அந்த நீல அட்டையைப் படிக்க வேண்டும். அதைவிட அந்த இடம் வெள்ளையாகவே கிடக்கட்டும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்துவிட்டேனே தவிர, கண்ணை மூடினால் அந்த வெள்ளைதான் தெரிந்தது. ஜன்னலைவிடப் பெரிது என்று அந்தப் பெண் சொல்லியிருக்க வேண்டாம்.

வியாழக்கிழமை காலை சின்னவள் மதிலைப் பார்த்துவிட்டு முகம் சிவந்து வந்தாள்.

"என்னக்கா இது, உங்க படம் இன்னும் வரல? நான் அவ்ளோ நேரம் தொண்டை வறளச் சொன்னேன். என்னைய மட்டும் போட்டு வெச்சிருக்காங்க. நீங்க என்ன சொன்னீங்க அந்தப் பொண்ணுகிட்ட?"

"நடந்ததச் சொன்னேன்" என்றேன். நாக்கு கூசவில்லை.

"அப்ப அவங்க மேலதான் தப்பு. இருங்க, நான் போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்."

"வேணாம், விடு."

"எதுக்கு விடணும்? பன்னண்டு வருஷமா உள்ளயே கெடக்கறீங்க, சுவத்துலகூட எடமில்லையா?" என்று கடையைப் போட்டது போட்டபடி கிளம்பிவிட்டாள். நான் கையில் ஒட்டின மாவோடு பின்னால் ஓடினேன். தடுக்கத்தான் ஓடினேன். என் கனத்துக்கு அவள் வேகம் எங்கே வரும்?

நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் இரண்டு அட்டையையும் மேஜையில் எடுத்து வைத்திருந்தார். பென்சில்கொண்டை பக்கத்தில் நின்றாள். சின்னவள் நீல அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். நாலு வரிதான். அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"பழைய ரொட்டி" என்றாள் மெதுவாக. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். "அக்காவுக்கு மறந்துபோச்சு டீச்சர். பன்னண்டு வருஷமாச்சு இல்ல? எனக்கே பாதி ஞாபகமில்ல."

நான் வாயை மூடிக்கொண்டு 'ஆமாம் டீச்சர், மறந்துட்டேன்' என்று தலையை ஆட்டியிருந்தால் போதும். படமும் வந்திருக்கும், மானமும் தப்பியிருக்கும். ஆனால் அவள் போட்ட பிச்சையில் நான் சுவரில் நிற்பதா? காலமெல்லாம் அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனதுக்குள் நன்றி சொல்வதா?

"எனக்கு ஒண்ணும் மறக்கல" என்றேன். "வேணும்னேதான் அப்படிச் சொன்னேன். இவ மேல பொறாமை. குடு அட்டைய."

மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து நீல அட்டையின் அடியில் எழுதினேன். மேலே சொன்னது பொய். புது ரொட்டிதான். கையால் பிசைந்தது. பொறாமையில் மாற்றிச் சொன்னேன். அட்டையின் ஓரமெல்லாம் மாவு அப்பிக்கொண்டது. சின்னவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பென்சில்கொண்டை விடுகிற ஆளா? "மூணு நாளும் நீங்க ஒருத்தர் மட்டும்தான் பிசைஞ்சீங்களா ஆன்ட்டி? மஞ்சள் அட்டைல அப்படித்தான் இருக்கு. படத்துல ஒரு ஆள்தானே?"

"ஆமா, ஒரு ஆள்தான்" என்று சின்னவள் முந்திக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம்கூட மூன்று நாளும் நான் பிசைந்த மாதிரிதான் சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் காலையில் என் மணிக்கட்டு வீங்கி விரலை மடக்க முடியவில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அதுவரை மாவையே தொடாத சின்னவள் பிசைந்தாள், சுட்டாள், அவளே மேலே ஓடி இறக்கினாள். கீழே தண்ணீரிலிருந்து யாரோ கத்தினார்கள்: "இன்னிக்கு ரொட்டி என்ன இவ்ளோ பஞ்சு மாதிரி இருக்கு!" இன்னொருவரும் சொன்னார். இன்னொருவரும். நான் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார்கள். வெள்ளத்துக்கு முன் பதினோரு வருஷம் பிசைந்த என் கைக்கு வராதது அவள் கைக்கு ஒரே நாளில் வந்திருந்தது. தண்ணீர் வடிந்த மறுநாளே, "நீ முன்னாடி நில்லு, உனக்குச் சிரிச்ச முகம்" என்று அவளைக் கவுன்டருக்கு அனுப்பினேன். அதற்கப்புறம் அவளை மாவுப் பக்கம் அண்டவிட்டதே இல்லை. ஜன்னலில் வாங்கின பேருக்காக நான் எரியவில்லை. ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

"ஒரு ஆள் இல்ல" என்றேன். "மூணாவது நாள் பிசைஞ்சது இவ."

"சும்மா இருங்கக்கா. நான் எங்க பிசைஞ்சேன்? கூடமாட இருந்தேன்."

"நீதான்டி பிசைஞ்ச. என் கைதான் வீங்கிக் கெடந்துச்சே."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் வரைய முடியும்" என்றாள் பென்சில்கொண்டை.

"அப்படியே எழுதிக்க பாப்பா, மூணாவது நாள் இவ, ரெண்டு பேரையும் வரைஞ்சிரு. இதுல என்ன, நான் பெருந்தன்மையாச் சொல்றேன்" என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"ஒரு நாளாவது மாவுல கை வைக்க விட்டீங்களாக்கா? நீங்க ஊருக்குப் போனா மாவு ரூமைப் பூட்டிச் சாவிய எடுத்துட்டுப் போவீங்க. இப்ப சுவத்துல மட்டும் பிசைஞ்சுக்கோன்னு விட்டுக் குடுக்கறீங்களா?" மூச்சு வாங்கினாள். "உங்க படம் பெருசா வந்துட்டா உங்க மனசு ஆறிடும், அப்புறம் என்னைய உள்ள கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குத்தான் எல்லாத்தையும் உங்க பேர்ல சொன்னேன். நான் ஒண்ணும் புண்ணியவதி இல்ல."

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். பென்சில்கொண்டை மட்டும் கண்ணை எடுக்காமல் எங்களைப் பார்த்தாள்.

சாவியை எடுத்துக்கொண்டு போவது அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அட்டையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. அதை இழுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் புரிகிற மாதிரி பெரிதாக எழுதினேன்.

மூன்றாம் நாள் ரொட்டிதான் நன்றாக இருந்தது. அதனால்தான் நான் அவளை உள்ளே விடவில்லை.

எழுதிவிட்டு, கையெழுத்துக்காக அவளிடம் நீட்டினேன். அவள் நின்று நிதானமாக இரண்டு தடவை படித்தாள். 'அப்படியெல்லாம் இல்லக்கா, உங்க கை வருமா' என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் சொல்கிறவள்தான்.

சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டாள்.